ஆஃப் சீசனில் ஒரு பந்து

வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவளுக்கு, பிறத்தியார் பெட்டியில் குடை வைத்தாயிற்றா என்று கவலைப்பட்டே வயதாகிவிடும். தூத்துக்குடியில் பதினெட்டு வருஷமாக நான் செய்வது இந்த வேலைதான். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், டிக்கெட் போடுவதற்கு நாசரேத்துக்காரரான செல்வின், சுவர் நிறைய நான் போகாத ஊர்களின் படங்கள். இதே தொழிலில் இருந்து இதே மாதிரி நொந்து போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றியது என்பதால் அலுப்புத் தட்டாது.

எங்கள் ஊர் சீசன்

ஊர் உலகத்துக்கு ஒரு ஆஃப் சீசன் என்றால் எங்கள் ஊருக்கு இரண்டு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். ஐப்பசி மழை விழுந்து உப்பளத்தில் வேலை நின்றதும் உப்புக்காரர்கள் வருவார்கள். வெளிநாடு பார்க்க வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது, கையைக் கடிக்கக் கூடாது என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விசைப்படகு உரிமையாளருக்கு மலேசியா போட்டுக் கொடுத்தேன். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் தீவுகளைச் சுற்றி மூன்று மணி நேரப் படகுப் பயணத்தையும் சேர்த்திருந்தேன். அவர் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்த இடம் வந்ததும் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. களைத்துப் போன குரலில்தான் சொன்னார்: “வருஷம் பூரா போட்டுலதாம்மா கெடக்கேன். ரெண்டு மாசம் எறங்காதன்னு கவர்மெண்டே சொல்லுது. நீ என்னன்னா பிளேன்ல கூட்டிட்டுப் போயி மறுபடியும் போட்டுலயே ஏத்துதியே.”

மட்டை கேட்டவர்

தங்கராஜ் அண்ணாச்சிக்கு மார்க்கெட் பக்கம் இரும்புக் கடை. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு மே மாதத்துப் பிற்பகலில் வந்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே பேசினார். இலங்கையில் நுவரெலியா மலைப்பக்கம் ஐந்து நாள் போக வேண்டும், அவரும் மனைவியும் மட்டும், ஆஃப் சீசனாகப் பார்க்க வேண்டும், சுற்றிப் பார்ப்பதோடு ஒரு நாள் கோல்ஃப். கோல்ஃப் என்றதும் செல்வின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். இரும்புக் கடையிலிருந்து அந்த விளையாட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

அவர் அப்பாவுக்கு அந்த மலையில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் இருந்ததாம். பள்ளிக்கூட நாட்களில் நாலு வருஷம் அங்கே விளையாட வருகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்கியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் குடும்பம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இப்போது வலது கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. இது போகப் போகக் கூடும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை மட்டையைப் பிடிக்கிற வரைக்கும்தான் அவகாசம். அதற்குள் அந்த மைதானத்தில் நின்று ஒரே ஒரு பந்து அடிக்க வேண்டும்.

அங்கே ஏப்ரல்தான் நல்ல சீசன், இந்த வருஷத்து ஏப்ரல் முடிந்துவிட்டதே, அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி மடியில் இருந்த கையைப் பார்த்தார். “சீசன் வேண்டாம்மா. ஆளு இல்லாதப்பவே போடு. அடுத்த வருசம்னு தள்ளிராத, இந்தக் கை எனக்காவ காத்துக் கெடக்காது.”

அக்காவின் நிபந்தனை

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பாக்கியம் அக்கா தனியாக வந்தார். தான் வந்தது அண்ணாச்சிக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அண்ணாச்சி ஒரு கம்பியை எடுத்து வீசிப் பார்ப்பதும், அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுவதும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. “என்ன சத்தம்?” என்று உள்ளேயிருந்து கேட்டால், “கம்பி சரிஞ்சிட்டு” என்று பதில் வருமாம்.

ஐந்து நாளும் பார்ப்பதற்கு நிறைய இடம் இருக்க வேண்டும், கோல்ஃப் அதில் ஒரு ஓரமாக இருக்க வேண்டும் என்றார் அக்கா. கை முடியாமல் போனால், நாங்கள் மலை பார்க்கத்தான் வந்தோம் என்று அவர் சொல்லிக்கொள்ள வழி வேண்டுமாம்.  பதினெட்டு வருஷத்தில் யாரும் இப்படி ஒரு காரணம் சொல்லி என்னிடம் இயற்கைக் காட்சி கேட்டதில்லை. எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அவுகளால அடிக்க முடியாமப் போச்சுன்னா, நான் அவுக மூஞ்சியப் பாக்கக் கூடாது. வேற எதையாவது பாத்துக்கிட்டு நிக்கணும். அப்படி ஒரு எடமாப் பாரும்மா.”

நான் போட்ட திட்டம்

இதை விடச் சிக்கனமாக யாரும் போட்டிருக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. மதுரையிலிருந்து கொழும்புக்கு வாரத்தின் நடுநாள் விமானம். அங்கிருந்து ஒரு சின்ன வேன். ஓட்டுநர் குமார், அந்த மலையிலேயே பிறந்த தமிழர். தங்குவதற்குத் தோட்டத்து வீடு ஒன்றில் அறை. இரண்டு அருவி, ஒரு ஏரி, ஒரு பூந்தோட்டம். நான்காம் நாள் காலையில் கோல்ஃப், மட்டை வாடகைக்கு. வேட்டி கட்டினால் விட மாட்டார்கள் என்பதால் காலர் வைத்த சட்டையும் பேண்ட்டும் ஷூவும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஜூன் மாதம் தேதி குறித்தேன். அண்ணாச்சி தேதியைப் பார்த்து, “சரியா இருக்கும்மா” என்று தலையாட்டினார்.

நான் அந்த மலைக்கு அதுவரை ஆள் அனுப்பியதெல்லாம் ஏப்ரலில்தான். ஜூனில் எங்கள் ஊரில் புழுதிக்காற்று அடிக்கும், உப்பு பாத்தி பாத்தியாக விளைந்து கிடக்கும், ஆனியில் மழை என்று சொன்னால் சிரிப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே வெயில்தானே அடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தோட்டத்து வீட்டுக்காரர் பாதிக் கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டபோது சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் செல்வின் எதற்கோ அந்த ஊர் வானிலையைத் திறந்தவர், நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினார். நம் ஊரில் காற்று மட்டும் அடிக்கிற மாதங்களில்தான் அந்த மலையில் பெருமழையாம். “அக்கா, நம்ம ஊரு வெயிலப் பாத்து அந்த ஊருக்குத் துணி எடுத்து வச்சிட்டோம்.”

நான்காம் நாள்

அடுத்த இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குமாருக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்தேன். விடாத மழை, மலை முழுக்கப் பனிமூட்டம். அருவிக்குக் கூட்டிப் போனாராம், சத்தம் மட்டும் கேட்டதாம், தண்ணீர் கண்ணில் படவில்லையாம். பாக்கியம் அக்கா பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நான் தேடிக் கொடுத்த அத்தனை இடமும் மேகத்துக்குள் போய்விட்டது.

நான்காம் நாள் காலையில், மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, மூடியிருக்கிறது என்று வாசலில் பலகை மாட்டிவிட்டதாகக் குமார் சொன்னார்.  ஒரு மனிதர் வாழ்நாளில் ஒரு தடவை கேட்டதைச் சிக்கனம் பார்க்கிறேன் என்று நாசமாக்கிவிட்டேன். தேதி மாற்றித் திரும்பவும் அனுப்பலாம், ஆனால் கையை என்ன செய்வது? மன்னிப்புக் கேட்பதற்காக அக்காவுக்குப் போன் போட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கியதை அவர் காதில் வாங்கவே இல்லை. அண்ணாச்சி விடிகாலையிலேயே புதுச் சட்டையும் ஷூவும் போட்டு, தங்கியிருந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவர் குரலில் கவலையை விடக் குழப்பம்தான் இருந்தது: “மழ விட்டுராதான்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன், இவுக மழ விட்டுருமோன்னு பாத்துக்கிட்டு இருக்காவ.”

தேயிலைப் பொட்டலம்

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அண்ணாச்சி ஒரு தேயிலைப் பொட்டலத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையதுதான், மழையை விசாரிக்காமல் தேதி போட்டுவிட்டேன் என்றேன். அவர் உட்காரச் சொன்னார். செல்வின் டீ வாங்கி வந்து வைத்தார். அண்ணாச்சி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, தளும்பியதைத் துடைத்துவிட்டு, எங்கள் முன்னாலேயே குடித்தார். இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் டீ வேண்டாம் என்று மறுத்தவர் அவர்.

பிறகு சொன்னார். சீசனில் மட்டையைத் தொட்டாலே பையன்களுக்குக் காது திருகு விழும். ஜூன் மழை தொடங்கியதும் துரைமாரெல்லாம் கீழே கொழும்புக்குப் போய்விடுவார்கள், வாசலில் பலகை தொங்கும். அப்போது காவலாளி பக்கக் கதவைத் திறந்து பையன்களை உள்ளே விடுவாராம். உடைந்த மட்டை ஒன்று, ஆளுக்கு ஒரு பந்து. அண்ணாச்சி வாழ்க்கையில் அடித்த நாலு பந்தும் அந்த மழைகளில் அடித்தவை. இந்தத் தடவையும் பலகை தொங்குவதைப் பார்த்த பிறகுதான் வேனை விட்டு இறங்கியிருக்கிறார். இப்போதிருக்கும் காவலாளியும் சின்ன வயதில் பை தூக்கியவர்தானாம். அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கக் கதவைத் திறந்து, ஒரு மட்டையும் பந்தும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் இரண்டு வீச்சும் பந்தில் படவில்லை. மட்டை நழுவிச் சேற்றில் விழுந்தது. குடை பிடித்து நின்ற பாக்கியம் அக்காவுக்கு வேறு பக்கம் பார்க்கலாம் என்றால் நாலாபுறமும் பனிமூட்டம், அண்ணாச்சியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாராம். மூன்றாவது வீச்சில் பந்து எழும்பி, எங்கள் அலுவலகத்துக்கு எதிர்த்த டீக்கடை இருக்கிற தூரம் போய்ச் சேற்றில் புதைந்தது. போதும் என்று திரும்பிவிட்டார்கள்.

ஜூனில் அங்கே மழை என்று உங்களுக்குத் தெரியுமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அண்ணாச்சி கிளாஸை மேசையில் வைத்தார், கை நடுங்கியது, அதை மறைக்கவில்லை. “சொன்னா நீ தேதிய மாத்திருவியேம்மா. சீசன்ல போனா அங்கன நான் இன்னைக்கும் பை தூக்குதவந்தான்.”

அன்றிலிருந்து ஆஃப் சீசன் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் எதற்காக என்று ஒரு தடவை விசாரித்துவிடுகிறேன், இதுவரை வந்தவர்கள் எல்லோரும் செலவு குறைவாக இருக்கும் என்பதற்காகத்தான் கேட்கிறார்களாம்.