நண்டைத் தொடாமல் ஓர் அயர்லாந்துப் பயணம்

அவசரமில்லாமல் ஆறுதலாகப் பயணம் செய்வது எனக்குக் கைவராத வேலை. சிட்னிக்கு வெளியே, டூங்கபியில் இருந்து வேலைக்குப் போவேன், வேலையில் இருந்து டூங்கபிக்கு வருவேன். எனக்குத் தெரிந்த பயணம் அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிவிட்டு வீடு வந்தால் சப்பாத்தைக் கழற்றக் குனியவும் மனம் வராது. நீண்டகாலச் சேவைக்கான விடுமுறையை ஒரேயடியாகக் கையில் கொடுத்தபோது படுத்துக் கிடக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் மனுசனையும் கூட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போனேன். மகள் அங்கே இருக்கிறாள், வேறு காரணம் இல்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை அவள். பக்கத்துப் பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எங்கள் தெருவில் வீடு கட்ட வந்த ஒரு அயர்லாந்துத் தச்சனை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெடியன் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவான், மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கர்களான எங்களுக்கு அது பெரிய விஷயம். பிறகு அவனுடைய தகப்பனுக்குச் சுகமில்லாமல் போய், பண்ணையைப் பார்க்க ஆள் இல்லை என்று இரண்டு பேரும் புறப்பட்டார்கள். ஒரு வருடம் என்றுதான் சொன்னார்கள். தகப்பன் சுகமாகிவிட்டார், இவர்கள் வரவில்லை. அங்கேயே ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டோம் என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்.

அன்றுதான் குசினிச் சுவரில் இருக்கும் மடு மாதா படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன். பிள்ளை திரும்பி வந்து சிட்னியில் குடியேறும்வரை நண்டு தொடமாட்டேன் என்று. கோழியையும் ஆட்டையும் விடுவது கடற்கரையில் பிறந்தவளுக்கு ஒரு பொருட்டா? நண்டு இல்லாமல் எனக்கு ஒரு சனிக்கிழமை போனதில்லை. மாதாவுக்கும் அது தெரியும். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை, ஆகவே மகளுக்குச் சொல்லவில்லை. மனுசனுக்கு மட்டும் சொன்னேன், ஏனென்றால் வீட்டில் நண்டு சமைப்பது நின்றுபோனது. நேர்த்தி எனக்கு, தண்டனை அவருக்கு. இருதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கும் மனிதன், நண்டு இருந்த இடத்தில் இறால் பொரியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இப்படி விரதம் பிடித்துக்கொண்டிருப்பவளை மகள் கூட்டிக்கொண்டு போனது சாப்பாட்டுத் திருவிழாக்களுக்கு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோடை முடிகிற நேரம் ஊருக்கு ஊர் திருவிழா. ஓர் ஊரில் சிப்பி, அடுத்த ஊரில் பாற்கட்டி, இன்னோர் ஊரில் கடல் பாசி. மருமகன் காரை ஆமை வேகத்தில் ஓட்டினான். தெருவோ ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் கல் மதில், நடுவில் புல்லு. எதிரில் வருகிறவன் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவான், இவனும் ஒரு விரலைத் தூக்குவான். தெரிந்தவன் என்றால் தெரு நடுவிலேயே இரண்டு காரும் நிற்கும், கண்ணாடியை இறக்கிவிட்டு மழையைப் பற்றிக் கதைப்பார்கள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கமாட்டான், அவனும் இறங்கி வந்து கதையில் சேர்ந்துகொள்வான். எனக்குப் பின் சீட்டில் முழங்கால் குத்தும்.

வடிவான நாடுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் களைத்த கண்ணுக்குப் பச்சையும் கொஞ்ச நேரத்தில் அலுக்கும். மழை வரும், நிற்கும், திரும்ப வரும். கூடாரங்களுக்குள் ஈரச் செம்மறி வாசமும் வெண்ணெய் வாசமும். எங்கே போனாலும் நண்டு. உள்ளிபோட்ட வெண்ணெயில் பிரட்டிய நண்டுக் கால், பாணுக்கு மேல் நண்டுச் சதை, நண்டு சூப். நான் உருளைக்கிழங்கையும் கறுத்தப் பாணையும் தின்றுகொண்டு திரிந்தேன். வயிறு சரியில்லை என்றேன், பிறகு கொலஸ்ட்ரோல் என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனாள். எனக்கு அவளுடைய ஊர் பிடிக்கவில்லை, அதனால்தான் ஒன்றையும் வாயில் வைக்கிறேன் இல்லை என்று நினைத்தாள். அதை அவள் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு கூடாரத்திலும் எனக்குத் தட்டு நீட்டுவதை ஒருநாள் நிறுத்திவிட்டாள். அது சொல்வதைவிட மோசம்.

கடைசித் திருவிழா அவர்களுடைய சொந்த ஊரில், சனியும் ஞாயிறும். அங்கே மகளே ஒரு கடை போட்டிருந்தாள். எனக்கு முதலே சொல்லவில்லை. கூடாரத்துக்குள் போனால், நான் மாதாமாதம் வறுத்து இடித்து பார்சலில் அனுப்பும் தூளில் பெரிய சட்டி நிறைய நண்டுக் கறி. அந்தக் கடல் நண்டு சிட்னி நீல நண்டுபோல இல்லை, ஓடு கல்லு மாதிரி, மருமகன் சுத்தியலால் உடைத்துக்கொண்டு நின்றான். சனங்கள் வரிசையில் நின்றார்கள். மகள் அவர்களோடு அவர்களுடைய இராகத்திலேயே கதைத்தாள். என்னைக் கண்டதும் அகப்பையில் கொஞ்சம் அள்ளி, கீழே கை பிடித்தபடி கொண்டு வந்தாள்.

"அம்மா, உப்புப் பாருங்கோ. மெயின் ஆள் நீங்கள்தான்."

"எனக்கு வேண்டாம் பிள்ளை. மணத்திலேயே தெரியுது, நல்லாயிருக்கு."

"ஒரு சொட்டுக் குழம்பு?"

"வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லே."

குரல் கொஞ்சம் உரத்துப் போய்விட்டது. களைப்பில் எனக்கு அப்படித்தான் வரும். அவள் அகப்பையைத் திரும்பக் கொண்டுபோய்ச் சட்டியில் போட்டாள். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

பின்னேரம் காரில் வீடு திரும்பினோம். முன் சீட்டில் இருந்த என் மனுசன்தான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, அம்மாவில கோவிக்காதை. அவ நேர்த்தி வச்சிருக்கிறா. நீ சிட்னிக்குத் திரும்பி வாற வரைக்கும் நண்டு தொடமாட்டா."

நான் அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினேன், மெதுவாக இல்லை. மகள் பக்கத்தில் இருந்தும் என்னைப் பார்க்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

"நீங்கள் வீடு வாங்கின நாள் துவங்கி," என்றார் அவர்.

அடுத்த நாள் காலை, மேசையைத் துடைத்துக்கொண்டே மகள் சொன்னாள். "அம்மா, நாங்கள் கதைச்சனாங்கள். அடுத்த வருஷம் வாறம். வீட்டை வித்துப்போட்டு வாறம். அப்பாக்கும் ஏலாது, நீங்களும் வேலை செய்து களைச்சுப் போனியள்." துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மருமகன் தலையை ஆட்டினான். அவனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் என்ன பேச்சு என்று தெரியும்.

மாதா கேட்டுவிட்டாள். நான் இத்தனை வருடம் மன்றாடிக் கேட்ட வார்த்தை அதுதான். எனக்குச் சந்தோசம் வந்ததா என்றால், வந்தது. கண் கலங்கியது. அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். டூங்கபியில் எங்கள் பின்வளவில் ஒரு சின்ன வீடு போடலாம், மருமகன்தான் தச்சன் ஆயிற்றே என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி திருவிழாவுக்குப் போனேன்.

ஞாயிறு இன்னும் கூட்டம். பூசை முடிந்து ஊரே வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, ஊன்றுகோலோடு வந்தவள், யாரும் கூப்பிடாமலே கடைக்குப் பின்னால் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே மகளிடம், அடுத்த வருடத்துக்கு இதைவிடப் பெரிய சட்டி வேண்டும், தன் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றாள். மகள் சிரித்தாள். தாங்ஸ் என்றாள். பிறகு சட்டியைக் கிண்டுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

நான் பக்கவாட்டில் நின்றதால் அந்த முகம் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் வேலையில் கிழமைக்கு ஒருதரமாவது பார்க்கிறேன். பிள்ளைகள் சொன்னதுக்காக, பிள்ளைகளுக்குக் கரைச்சல் வேண்டாம் என்பதற்காக, சொந்த வீட்டை விட்டு எங்கள் இல்லத்துக்கு வருகிற ஆட்களின் முகம் அது. சிரிப்பார்கள், எல்லாம் நல்லது என்பார்கள். அறையில் உடுப்புப் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். நாங்கள்தான் திறந்து அடுக்குவோம். அந்த முகத்துக்கு நான் காலையும் மாலையும் தேத்தண்ணி கொடுக்கிறேன். என் பிள்ளையிடம் அதைக் காண எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. மாதாவில் கொஞ்சம், மனுசனின் வாயில் கொஞ்சம், என்னில் நிறைய. முழங்காலும் வலித்தது. நான் நேராகக் கடைக்குள் போய், ஒரு தட்டை எடுத்து, சட்டியில் இருந்து ஒரு பெரிய காலையும் குழம்பையும் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். மாதாவே, நேர்த்தியை முறிக்கிறது நான், பிள்ளையில் குற்றம் ஒன்றும் போடாதே என்று வாய்க்குள் சொன்னேன். பிறகு தின்றேன்.

அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "என்னப்பா செய்யிறீர்? நேர்த்தியெல்லே. பிள்ளை இன்னும் வரேல்லையே."

"தெரியும்," என்றேன்.

மகள் அகப்பையோடு அப்படியே நின்றாள். வரிசையில் நின்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் என் முன்னால் வந்து குந்தினாள்.

"அம்மா, நான் வாறன் எண்டு சொன்னனான்தானே. ஏன் இப்ப?"

"உப்புச் சரி. புளி காணாது," என்றேன். "போ, சனம் நிக்குது."

அவள் போகவில்லை. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். என் கை முழுக்கக் குழம்பு, அவளுடைய தலையைத் தடவவும் முடியவில்லை. மருமகன் சுத்தியலை வைத்துவிட்டு அகப்பையை எடுத்து அவனே பரிமாறத் தொடங்கினான். அவர் தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு தின்றாரே தவிர, ருசித்துத் தின்றார் என்று சொல்லமுடியாது.

சிட்னிக்குத் திரும்பி வேலை தொடங்கிவிட்டேன். களைப்பு போகவில்லை, போகும் என்று நான் நினைக்கவும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் நான் சமைக்கும்போது மகளுக்குக் காலை. கோப்பையும் கையுமாக வீடியோவில் வருவாள். அவளுக்குப் பின்னால் யன்னலில் மழை பெய்துகொண்டிருக்கும்.

"அம்மா, என்ன சமையல்?" என்று கேட்பாள். ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும்.

"நண்டு," என்பேன்.