பின்னால் வந்த பிக்கப்

இன்ஜின் போன எங்கள் பழைய பிக்கப்பைத் துறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு என் காரில் கயிறு கட்டி இழுத்து வந்தேன். பிக்கப் ஸ்டியரிங்கில் என் மனைவியின் தம்பி முரளி.

"இன்ஜின் ஓடலன்னா பிரேக் சரியா பிடிக்காது மாமா. கயிறு வேணாம், இரும்பு பார் போட்டுக்கலாம்" என்று கிளம்பும்போதே சொன்னான்.

"எல்லாம் எனக்குத் தெரியும், ஏறுடா" என்றேன்.

கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை ஒட்டியே போனேன். அது சட்டென நின்றதும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கண்ணாடியில் பிக்கப் என்மேல் ஏறுவதுபோல் வந்தது. கடைசி நொடியில் விலகிப் புளியமரத்தில் மோதியது.

கால் உடைந்து கிடந்தவனிடம், "ஏன்டா மரத்துல விட்ட?" என்று கத்தினேன்.

"உங்க கார் பின்சீட்டுல பாப்பா தூங்குறாளே மாமா."

மகளை அங்கே படுக்கவைத்தவன் நான்தான். அந்த நொடியில் அவள் என் நினைவிலேயே இல்லை. இதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.