வேலிக்கு வெளியே நின்ற மாப்பிள்ளை

ஸாலிஹா முதலில் சந்தேகப்பட்டது கணவாய்க் கறியைத்தான். 1962ஆம் ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்தவுடன் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். முதல்நாள் தின்ற கறி பழுதாகியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அதே கறியை அவளுடைய உம்மா ஸபூராவும் தின்றிருந்தார், புருஷன் இப்றாஹிமும் தின்றிருந்தான். அவர்களுக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை வெறும் கஞ்சி குடித்தாள். அது வெளியே வந்தது. புதன்கிழமை தண்ணீர் மட்டும் குடித்தாள். அதுவும் வந்தது.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் முடிந்து நான்கு மாதம். இப்றாஹிம் ஏறாவூர்க்காரன், மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பிடவைக்கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கும் வேலை. ஸாலிஹாவின் ஊரான காத்தான்குடி வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அவனும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை உம்மா அவளைக் கூப்பிட்டு நாள் கணக்குக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நீ முழுகாம இரிக்கிறாய், மகள்."

"அப்படியெண்டா சந்தோசமா இரிக்க வேணுமே உம்மா? எனக்கு மவுத்தாகப் போற மாதிரியெல்லோ இரிக்கி."

பிள்ளை உண்டானவர்களை அவள் பார்த்திருக்கிறாள். காலையில் ஒரு தடவை ஓங்காளிப்பார்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு அரிசி இடிக்கப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரி மாங்காயைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே திரிந்தாள். இவளுக்கோ காலை, பகல், மாலை என்ற வித்தியாசமில்லை. சொந்த எச்சிலை விழுங்கினாலே குடல் புரண்டது. துப்புவதற்கு ஒரு சிரட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். எல்லாருக்கும் வருவதுதான் தனக்கும் வந்திருக்கிறதா, இல்லை வேறேதும் நோயைப் பிள்ளை என்று தவறாகச் சொல்கிறார்களா? அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டு கிழமை போனபின் உம்மாதான் ஒன்றைக் கவனித்தார். பின்னேரம் இப்றாஹிம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால்தான் அவளுக்கு மோசமாக வருகிறது. ஒருநாள் அவன் பக்கத்தில் குந்தி, பரிவோடு முதுகைத் தடவினான். அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

"மச்சான், கிட்ட வராதீங்க."

அவன் எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தான். சவர்க்கார மணத்துக்கும் சத்தி வந்தது. மறுநாள் சவர்க்காரமில்லாமல் குளித்துப் பார்த்தான். சாரனை மாற்றினான், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டான். ஒன்றும் பலிக்கவில்லை.

புதுத்துணியின் கஞ்சிப்பசையும் வேர்வையும் கலந்த ஒரு மணம் அவனிடம் எப்போதும் இருக்கும். கலியாணமான புதிதில் ஸாலிஹாவுக்கு அது அவ்வளவு பிடிக்கும். அவன் கழற்றிப் போட்ட சேட்டைத் தோய்க்காமல் இரண்டு நாள் கொடியில் விட்டுவைப்பாள். இப்போது அந்தச் சேட்டை நினைத்தாலே தொண்டைக்குள் ஏதோ ஏறியது. அவனைப் பிடிக்காமல் போய்விட்டதா? அப்படியானால் பகலெல்லாம் ஏன் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடக்கிறாள்? வந்ததும் எப்போது விலகுவான் என்று தவிப்பாள், விலகியதும் அழுவாள். உடம்பு ஒன்று சொல்கிறது, மனம் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவதென்று தெரியவில்லை.

ஊர்ப் பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அதையும் சத்தி எடுத்துவிட்டு, ஓதிய தண்ணீரைத் துப்பிவிட்டேனே, பாவம் சேருமோ என்று நடுங்கினாள். கண் மஞ்சளாகத் தெரிகிறது, இது செங்கமாரி என்று ஒருவர் சொன்னார். யாரோ செய்வினை வைத்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் கையில் சேலைன் ஏற்றினார்கள். செங்கமாரி இல்லை, பிள்ளை நலம் என்றார் டொக்டர்.

"அப்ப இது ஏன் ஐயா?" என்று இப்றாஹிம் வாசலுக்கு வெளியே நின்று கேட்டான்.

"சிலபேருக்கு இப்படித்தான் வரும். ஏனென்று எங்களுக்கும் சரியாத் தெரியாது."

டொக்டருக்கே தெரியாதென்றால் வேறு யாரிடம் கேட்பது? அந்தப் பதில்தான் ஸாலிஹாவை மிகவும் பயமுறுத்தியது.

பிறகு றீற்றா மிஸி வீட்டுக்கு வரத் தொடங்கினார். புளியந்தீவைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், அரசாங்க மருத்துவிச்சி. பைசிக்கிளில் வந்து இறங்குவார்.

"ஒரேயடியாக் குடிக்காதீங்க, தங்கச்சி. நாலு கரண்டி இளநீர். கால் மணித்தியாலம் பொறுங்க. மறுகா நாலு கரண்டி. மூண்டு மாசத்தோட நிண்டிடும்."

மூன்று மாதம் முடிந்தது, நிற்கவில்லை. நாலில் நிற்கும் என்றார். ஐந்தாம் மாதம் அவர் மாதம் சொல்வதையே விட்டுவிட்டார். ஆனால் கரண்டிக் கணக்கில் இளநீர் தங்கியது. சில நாள் பாண் துண்டொன்றும் தங்கியது. வயிறு மட்டும் வளர, மற்றதெல்லாம் வற்றிப்போன உடம்போடு அவள் பாயில் கிடந்தாள். உள்ளே பிள்ளை அசைந்த அன்று சந்தோசமும் கோபமும் சேர்ந்தே வந்தன. என்னைத் தின்னவிடாமல் நீ மட்டும் எதைத் தின்று வளருகிறாய் என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, தாய் பேசும் பேச்சா இது என்று வெட்கப்பட்டாள்.

இப்றாஹிம் கடையின் மேல்மாடியில் படுக்கத் தொடங்கியிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் வருவான். கிடுகு வேலிக்கு வெளியே நின்று பேசுவான். முதல் கிழமை ஆற்றுப்பக்கம் நின்றான். ஆற்றிலிருந்து வந்த கச்சான் காற்று அவனையும் கடந்து வீட்டுக்குள் வீசியது; அவள் சிரட்டையைத் தேடினாள். அடுத்த கிழமை சுற்றிப் போய்க் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் நின்றான். காற்று இவளிடமிருந்து அவன் பக்கம் போனது.

"இப்ப எப்படிகா இரிக்கி?" என்று அவன் குரல் கொடுத்தான்.

"பரவாயில்ல. பேசுங்க மச்சான்."

அவன் கடைக் கதைகளைச் சொன்னான். ஒரு சீமாட்டி பத்து உருப்படியை விரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனதைச் சொன்னபோது ஸாலிஹா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஆனால் ஒழுங்கையால் போகிறவர்களும் பார்த்தார்கள். மாப்பிள்ளையை வெளியே தள்ளிவிட்டாளாம், தலாக் கேட்கிறாளாம் என்ற கதை ஏறாவூர் வரைக்கும் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை இப்றாஹிமின் உம்மா பஸ் ஏறி வந்தார். மகன் வேலிக்கு வெளியே நிற்பதைக் கண்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். நிலைகொள்ளாத கோபம்.

"என்ட மகன் களவெடுத்தவன் மாதிரி ஒழுங்கையில நிக்கிறான். அவனில என்ன குறை கண்டாய்?"

"குறை ஒண்டுமில்ல மாமி."

"மறுகா ஏன் அவனை உள்ள எடுக்கிறாயில்ல?"

"எனக்கே விளங்குதில்ல மாமி. நானும் அதத்தான் யோசிக்கிறன்."

மாமி இன்னும் கிட்ட வந்தார். மகன் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய புதுச்சேலையைத்தான் அன்று உடுத்திருந்தார். ஸாலிஹா எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்த இளநீரெல்லாம் அந்தச் சேலையில் விழுந்தது. மாமி பின்வாங்கவில்லை. இரண்டு கையாலும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எலும்பு மட்டுமே கைக்குத் தட்டுப்பட்டது. அடங்கும்வரை பிடித்திருந்துவிட்டு, வெளியே பார்த்துக் கத்தினார்.

"இது நடிப்பில்லடா! நீ அங்கேயே நில்லு!"

அன்று ஏறாவூருக்குத் திரும்பாமல் மூன்று கிழமை அங்கேயே தங்கினார், ஸபூராவின் பழைய சேலைகளை உடுத்துக்கொண்டு. கதை பேசியவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஜனவரி மாதம், விடாத மழையில், ஒரு பகல் நேரம் பெண்பிள்ளை பிறந்தது. நோவின் நடுவிலும் ஸாலிஹா சத்தி எடுத்தாள். றீற்றா மிஸி பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்தபின், அவள் பிளேன்டீ கேட்டாள். குடித்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு கோப்பை கேட்டாள்.

இப்றாஹிம் நனைந்தபடி வாசலில் நின்றான்.

"வரட்டா?"

"வாங்க."

அவன் ஒவ்வோர் அடியாக வந்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல இழுத்துப் பார்த்தாள். புதுத்துணி, கஞ்சிப்பசை, மழை. குடல் அசையவில்லை. ஏனென்று தெரியாமல் அவள் விம்மி அழத் தொடங்கினாள். அவன் பயந்துபோய், "சரி சரி, நான் போறன்" என்று திரும்பினான். அவள் அவன் சாரனை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வருடம் கழித்து மீண்டும் நாள் தள்ளியது. ஸாலிஹா சிரட்டைகளைக் கழுவி வைத்தாள். இப்றாஹிம் யாரும் சொல்லாமலே முதலாளியிடம் மேல்மாடியைக் கேட்டு வைத்தான். ஒரு மாதம் போனது, இரண்டு போனது. அவள் கணவாய் தின்றாள், கருவாடு தின்றாள், கணவன் பக்கத்திலிருந்து தின்றாள். சத்தியே இல்லை. மூன்றாம் மாதம் பயம் தாங்காமல் றீற்றா மிஸியைத் தேடிப் போனாள்.

"மிஸி, ஒருக்காப் பாருங்க. உள்ள புள்ள இரிக்கிதா, இல்லையா?"

மிஸி அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இரிக்கு. நல்லா இரிக்கு."

"அப்ப ஏன் சத்தி வருதில்ல?"

"அது எனக்கும் தெரியாது தங்கச்சி," என்று சொல்லிச் சிரித்தார் றீற்றா மிஸி. "வீட்ட போய்ச் சாப்பிடுங்க."