எட்டி உட்கார்ந்த தூரம்

பொம்மைக்குக் கை கால் கிடையாது. தலை, கழுத்து, மார்பு, அவ்வளவுதான். கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பதினோராம் வகுப்பில், தரையில் விரித்த ஜமுக்காளத்தின்மேல் அது கண்ணை மூடிப் படுத்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மின்விசிறிகூடத் தூங்கிக்கொண்டே சுற்றியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டு, கையின்மேல் கை வைத்து, அதன் நெஞ்சை அமுக்கினார்கள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வரை போய் மறுபடி ஒன்று. எண்ண எண்ண வகுப்பறை மெல்ல விலகிப்போகும். நான் யாருக்காக எண்ணுகிறேன் என்பதே எனக்குக் குழம்பிவிடும்.

காரைக்குடியில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. நெஞ்சடைத்து ஒருவர் விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிறதா, தெரிந்தாலும் செய்ய மனசு வருமா என்று கேட்டு எழுதுவது அந்த வருடத்து ஆய்வு. கேள்வித்தாள் எங்கோ பெரிய ஊரில் தயாரானது. அதைத் தமிழாக்கியது மட்டும் நான். முதல் பாதி அறிவைக் கேட்கும், மறு பாதி மனசைக் கேட்கும். காலையிலேயே எழுதி வாங்கிவிட்டு, மதியம் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

சாப்பாட்டு நேரத்தில் தாள்களைப் புரட்டினேன். விழுந்தவருக்கு முதலில் என்ன செய்வாய்? சோடா வாங்கிக் கொடுப்பேன். கையில் சாவிக்கொத்து வைப்பேன். வாயில் தண்ணீர் ஊற்றுவேன். எனக்குப் பொறுமை கம்மி. மூச்சில்லாதவன் சோடா குடிப்பானாடா என்று தாளைப் பார்த்தே திட்டினேன். பக்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசிக் கேள்வி மனசைப் பற்றியது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இதைச் செய்ய முன்வருவீர்களா? எல்லாரும் சம்மதம் என்று டிக் அடித்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே பென்சிலால் எழுதியிருந்தாள்: "தெரியாதவருக்குச் செய்வேன். வீட்டில் யார் செய்வது என்று கேட்கவில்லையே."

அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொண்டேன். கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாளையே கணக்கில் எடுக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, கேட்டதற்குப் பதில் எழுத மாட்டாயா என்று கடிந்துகொண்டேன். ஒல்லியான பெண். பொம்மையை எல்லாரையும்விடச் சரியாக அமுக்கியவளும் அவள்தான். திட்டை வாங்கிக்கொண்டு நின்றவள், சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"எங்க ஐயாவுக்கு ஒரு தடவை நெஞ்சுவலி வந்துருச்சு மிஸ். பகல் பூரா வீட்டுல அவுகளும் எங்கம்மாவும் மட்டுந்தேன் இருப்பாக. எங்கம்மாவுக்கு அவுக மாமனாரு. கிட்டப்போயிக்கூட நிக்க மாட்டாக. நான் இங்க இருக்கும்போது ஐயா விழுந்தா யாரு மிஸ் அமுக்குறது?"

ஐயா என்றது அப்பாவின் அப்பாவை. அவள் விடவில்லை. நீங்களாக இருந்தால் உங்கள் மாமனாருக்குச் செய்வீர்களா என்று கேட்டாள்.

"செய்வேன். அதுக்குத்தானே படிச்சிருக்கேன்" என்றேன், சத்தமாக.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றாள். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினேன். அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது பச்சைப் பொய்.

என் மாமனாரும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூட நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் பக்கத்து விவசாய வீடுகளில் அப்படித்தான். அவர் கூடத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். தட்டை வைத்துவிட்டு ஒரு முழம் தள்ளி நிற்பேன். அதற்காக அவருக்கு என்மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து அவர் என்னிடம் பேசுவார். இன்னைக்கு ரசம் நல்லாருக்கு என்று காலண்டரிடம் சொல்வார். நான் மேற்படிப்புக்குப் போக ஆசைப்பட்டபோது, படிக்கட்டும், நல்லதுதானே என்று அவர் சொன்னதும் அந்தக் காலண்டரிடம்தான். நானும் காலண்டருக்குத்தான் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிடுகிறது.

அவர் விழுந்தது ஒரு முற்பகல். வயலிலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அத்தை, என் மாமியார், மகனைக் கூப்பிட வயலில் இருந்த மோட்டார் ரூமை நோக்கி ஓடினார். வீட்டில் மாமனாரும் நானும் மட்டும். ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. எனக்குத் தெரியும். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓடிப்போய் மண்டியிட்டேன். ஆனால் ஒரு முழம் தள்ளி மண்டியிட்டேன். என் கைகள் தாமாகக் கோத்துக்கொண்டன, ஒன்றின்மேல் ஒன்றாக, என் மடியில். எண்ணினேன் என்றுகூட ஞாபகம். வேட்டி சற்று விலகியிருந்தது. அதை இழுத்துவிடவும் கை போகவில்லை. ஒரு ஈ சோற்றுத்தட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இன்றைக்கும் மதியத்தில் கண் அசந்தால் அந்த ஈயின் சத்தம் கேட்கும்.

அத்தைக்கு முன்னால் என் கணவர் ஓடிவந்தபின் நான் சொல்லச் சொல்ல அவர் அமுக்கினார். நேரம் கடந்துவிட்டிருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, பாராட்டினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அத்தை சொன்னார்: "அந்த நேரத்துலயும் எம் மருமக எட்டித்தேன் உக்காந்திருந்துச்சு. அம்புட்டு மருவாதி." ஆறு வருடமாகக் கல்யாண வீடு, காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனசில் எனக்கு இருந்த இடமே அந்த ஒரு முழத் தூரத்தின்மேல்தான் இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தும் தொடவில்லை என்று சொன்னால் அந்த இடம் போய்விடும். பெற்ற தாயைவிட என்னிடம் பிரியமாக இருந்தவர் அவர். அதனால் வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. பொய்யைச் சுமந்துகொண்டு இன்னொரு மருமகள் முன்னால் போய் உட்கார என்னால் முடியாது. போகாமலும் இருக்க முடியாது. அந்தப் பெண்ணின் கேள்வி காதிலேயே நின்றது.

சனிக்கிழமை நானும் அத்தையும் பின்வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், மாமா என்பதால் தொடவில்லை, அது மரியாதை இல்லை அத்தை, பயம் என்றேன். அத்தையின் விரல்கள் காம்பிலேயே நின்றன. பிறகு கேட்டார்.

"தொட்டிருந்தா பொழச்சிருப்பாகளா?"

"உறுதியாச் சொல்ல முடியாது அத்தை. பொழைக்க ஒரு வழி இருந்துச்சு."

அவர் எழுந்து உள்ளே போனார். கீரை முறத்திலேயே வாடிக் கிடந்தது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அந்தக் காலண்டர் தொங்கிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடம் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது அத்தை குளித்து, வெளியூர் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன்" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். வெளியே கண்மாயும் கருவேலமும் வெயிலில் மிதந்து மிதந்து பின்னால் போயின. அங்கே என்னை என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன்.

அந்தப் பெண் தெருமுனைக்கே வந்து எங்களைக் கூட்டிப்போனாள். முற்றத்து வேப்பமர நிழலில், கயிற்றுக் கட்டிலில் அவள் ஐயா கண்ணயர்ந்திருந்தார். அவள் அம்மா எங்களை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தார். என்னைவிட இளையவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கூச்சமாகச் சிரித்தார். அவுகளப் போயி நான் எப்புடிங்க தொடுறது, அதெல்லாம் எங்க வீட்டுல பழக்கமில்ல என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுலயும் பழக்கமில்லத்தா. எம் மருமக எல்லாம் தெரிஞ்சும் எட்டி உக்காந்திருந்துச்சு. நான் அதை மருவாதின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நான் அப்புடி வளத்து வச்ச வீடுத்தா அது. தப்பு எம் மருமக மேல இல்ல. நீ தொடு."

அந்தப் பெண் ஒரு தலையணையை எடுத்துவந்து தரையில் போட்டாள். அவள் அம்மா தயங்கி நின்றார். அத்தை அவரைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, முட்டிவலியில் முனகிக்கொண்டே, தாமே தலையணைக்கு முன்னால் மண்டியிட்டார். தள்ளி இல்லை, ஒட்டி. எங்குட்டு வைக்கணும் என்று என்னைக் கேட்டார். நேற்றுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் கையைப் பிடித்து நடுவில் வைத்தேன். மற்றக் கையை அதன்மேல் வைத்தேன். அவர் அமுக்கத் தொடங்கினார். நான் எண்ணினேன். அந்தப் பெண்ணும் எண்ணினாள். பிறகு அவள் அம்மாவும் பக்கத்தில் மண்டியிட்டு முணுமுணுப்பாக எண்ணினார். வெளியே கட்டிலில் பெரியவரின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முப்பது வந்ததும், போதும் அத்தை என்றேன். அவர் நிறுத்தவில்லை.