இரண்டு ஊர் சொன்ன மனிதர்

மூன்று வருடங்களுக்கு முன், சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு எழுதுவதற்காகச் சென்னை விடுதியிலிருந்து காஞ்சிபுரம் ஓரிக்கையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கீழே அப்பாவும் அம்மாவும் தறியில் இருப்பார்கள். மாடி அறையில் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருந்தார்கள். அவர் ஒரு பட்டுக் கடையில் எலக்ட்ரீஷியன். பேச்சிலேயே இலங்கைத் தமிழர் என்று தெரிந்தது.

நாள் முழுக்கப் போர்க்குற்ற வழக்குகளையே படித்துக்கொண்டிருந்த எனக்கு அவரைப் பார்த்ததுமே ஏதோ உறுத்தியது. எங்கே உட்கார்ந்தாலும் வாசல் கேட்டைப் பார்த்தபடியே உட்காருவார். கோயில் விசேஷத்தில் நான் செல்போனைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவிடம் சொந்த ஊர் வவுனியா என்றவர், என்னிடம் மன்னார் என்றார். அன்றே ஒரு நோட்டில் 'முரண்பாடுகள்' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆள் இலங்கையில் ஏதோ குற்றம் செய்துவிட்டு இங்கே வந்து ஒளிந்திருக்கிறார் என்பது என் முடிவு.

"அவரு பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கறாரு. அவரு மேல என்னம்மா உனக்கு டவுட்டு?" என்றார் அம்மா.

அப்பாவோ, "படிச்ச பொண்ணு சொல்லுது, காரணம் இல்லாம இருக்காது" என்று, மாடிக்காரரிடம் என் சந்தேகத்தையும் சொல்லி, அடுத்த மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என்னில உங்களுக்கு என்ன சந்தேகம்? கேளுங்கோ."

கேட்டேன். அவருடைய அண்ணனை அவர் கண்ணெதிரிலேயே பிடித்துக்கொண்டு போனார்களாம். அங்கே நடந்த ஒரு விசாரணையில் அதைச் சொன்ன பிறகு மிரட்டல் வந்திருக்கிறது. சொந்த ஊரைச் சொன்னால் யாராவது தேடி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், கேட்கிறவர்களிடம் வாய்க்கு வந்த ஊரைச் சொல்லிவிடுவாராம்.

நான் விடவில்லை. "அண்ணனைக் கூட்டிட்டுப் போனது எந்தத் தேதி?" என்றேன்.

அவர் ஒரு தேதியைச் சொன்னார், உடனே அதை மாற்றி இன்னொன்றைச் சொன்னார். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த விசாரணையிலயும் இதைத்தான் கேட்டவை," என்றார் மெதுவாக.

பயந்துபோன சாட்சிக்குத் தேதி மாறும், இடம் மாறும், அதை வைத்தே அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடக்கூடாது என்று முந்தின வாரம்தான் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

நான் நடந்ததைச் சொன்னதும், அன்று மாலையே அப்பா மாடிக்குப் போய், "மனசுல வெச்சிக்காதீங்க, நீங்க இங்கயே இருங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் சிரித்தபடி தலையாட்டினார். ஆனாலும் இரண்டே நாளில் சாமான்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. எந்த ஊருக்கு என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவர் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கதைக்கும் ஆதாரம் இல்லை, என் சந்தேகத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது அவர்தான், நானில்லை.