சிரிக்கச் சொன்ன துக்கச் செய்தி

மிரான் எழுதியதை யாரும் ரசித்துப் படித்ததில்லை. அது அவளுக்கே தெரியும். தென்கொரியாவின் பங்யோவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வழிகாட்டி எழுதுவது அவள் வேலை. "உங்கள் பொருள் கிளம்பிவிட்டது", "நாளை உங்களுக்குப் பல் பார்க்கும் நாள்" என்றெல்லாம் கைபேசியில் வருகிறதே, அதுபோன்ற செய்திகளை ஒருமுறை வார்த்து வைத்துக்கொண்டு, பெயரையும் நேரத்தையும் மட்டும் மாற்றி மாற்றி அனுப்புகிற கருவி அந்தக் கம்பெனியுடையது. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று மிரான் சொல்லிக்கொடுப்பாள். கட்டத்துக்குக் கட்டம் ஒரு மாதிரி கொடுத்தே தீர வேண்டும் என்பது டீம் லீடர் பியோவின் சட்டம். மாதிரி கொடுத்தால் சனங்கள் என்ன செய்வார்கள்? அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

செய்தியின் அடியில் வரும் வரிக்கு அவள் கொடுத்த மாதிரி, "இன்றும் சிரித்த முகமாக இருங்கள்!" கூடவே ஓர் அறிவுரை வேறு: இதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எல்லாச் செய்தியிலும் தானாக வந்துவிடும்.

ஒரு மதியம் சுவோன் நகரத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பேசியவர் தோக்சு, துக்க மண்டபம் ஒன்றின் மேலாளர்.

"அம்மா, நீங்கதானே அந்த வழிகாட்டி எழுதினவங்க? நேத்துக் காலையில ஒரு பெரியவர் தவறிட்டாரு. மகன் பேர்ல எல்லாருக்கும் உங்க கருவியில சேதி அனுப்பினோம். அடியில உங்க வரியும் சேர்ந்து போயிருச்சு."

மிரான் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயையோ! எல்லாரும் திட்டுறாங்களா?"

"திட்டினாத் தேவலையே! ஒரு ஈ காக்கா வரல."

வராததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பொய்ச் சாவு சொல்லி, கூட வரும் இணைப்பைத் தொட்டதும் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் திருடர்கள் மலிந்த காலம். செத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அத்தனை பேரும் அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள்.

"திருத்தம்னு இன்னொண்ணு அனுப்பச் சொல்லு" என்றார், விஷயத்தைக் கேட்ட பியோ.

"ரெண்டாவது வந்தா இன்னும் நம்ப மாட்டாங்க சார். நான் நேர்ல போறேன்."

"நீ போனா தப்பை நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அடுத்த மாசம்தான் உன் வேலை நிரந்தரமாகுது, ஞாபகம் இருக்கா?"

"தப்பு என்னோடதுதானே சார்" என்று அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கான காரமான மாட்டிறைச்சி ரசம் கொதித்துக் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை. படத்தில் இருந்த பெரியவர் சாங்மான், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரே மகன் கிதே, சட்டைக் கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிரான் படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினாள். அவன் தானாகவே பேசினான்.

"நாளைக் காலையில எடுத்துருவாங்க. எங்கப்பா சேர்த்து வச்ச மனுஷங்க இவ்வளவுதான்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு."

தோக்சு பயந்துகொண்டு அவனிடம் மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் தானே சொன்னாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தாள்.

கிதே சட்டென்று எழுந்தான். "அப்ப அவங்களுக்குத் தெரியவே தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே வராம இருந்துடலியா?" என்று கேட்டுவிட்டு, அப்பா போனதற்கு அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்ததும், அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடும் கூ என்கிற கிழவருக்குத் தன் கைபேசியிலிருந்தே அழைத்தான். கிழவருக்கு அந்த எண் தெரியாது.

"வைடா போனை, திருட்டுப் பயலே! போன வாரம் என் பொண்ணைக் கடத்திட்டேன்னு சொன்னவன் நீதானே? எனக்குப் பொண்ணே கிடையாதுடா!"

அடுத்தவரும் அதே மரியாதைதான் செய்தார். கிதே போனைத் தரையில் வைத்துவிட்டான்.

"எந்தத் திருடனுக்கும் தெரியாத ஒண்ணைச் சொல்லுங்க. உங்கப்பாவும் அவரும் எதுக்குச் சண்டை போடுவாங்க?" என்றாள் மிரான்.

"சதுரங்கத்துக்குத்தான். தோக்கப் போறாருன்னு தெரிஞ்சா அப்பா அவரோட குதிரையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாரு."

"அதை எழுதுங்க."

கிதே எழுதினான்: "கூ மாமா, நீங்க தேடுற குதிரை அப்பா சட்டைப் பையிலதான் இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

அனுப்பி மூச்சு விடுவதற்குள் மணி அடித்தது. "டேய் கிதே, நிஜமாவாடா? நிஜமாவேவா?" அடுத்த நொடி கிழவர் வீட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு கிதே ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதினான். ஒருவருக்குப் பிரேக் கம்பியைப் பற்றி, இன்னொருவருக்கு மலையேறிய இடத்தில் தொலைந்த செருப்பைப் பற்றி. ஊருக்கே சொல் எடுத்துக்கொடுக்கிற மிரான் அன்று ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. ரசம் இன்னொரு அண்டா ஏறியது.

கூ கிழவர் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கடா என் குதிரை? செத்தும் ஏமாத்துறியே!" என்று சத்தம் போட்டார். கிதே பக்கத்தில் வைத்திருந்த அப்பாவின் சட்டையிலிருந்து அதை எடுத்துக் கையில் கொடுத்தான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் படத்தின் அடியிலேயே வைத்தார். "நீயே வச்சுக்கோ. நான் அங்கே வந்து வாங்கிக்கிறேன்."

கம்பெனிக்குத் திரும்பிய மிரான் பொறியாளர்களோடு மல்லுக்கு நின்று கருவியில் ஒரு புதுக் கட்டம் சேர்க்க வைத்தாள். குடும்பத்தார் தம் சொந்தச் சொல்லில் எழுத வேண்டிய வரி அது. அதைக் காலியாக விட்டால் துக்கச் செய்தி நகராது. வழிகாட்டியின் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பியோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மாதிரி எங்கே?"

"கிடையாது சார்."

"இதென்ன அடாவடி? உன் வேலை விஷயம் என் கையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். மாதிரி கொடுத்தா அதையே ஒட்டிருவாங்க. வேணும்னா நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்க. உங்கப்பாவுக்குன்னு நினைச்சுக்கிட்டு."

பியோ அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விசைகளின்மேல் விரலை வைத்தார். ஓர் எழுத்தும் விழவில்லை.

"அப்பாவுக்கு வாரா வாரம் போன் பண்றேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு மட்டும்தான் கேக்கறேன்" என்றார் மெதுவாக. பிறகு பக்கத்தை இருந்தபடியே வெளியிட்டுவிட்டு எழுந்தார்.