ஆன்டிவைரஸை அணைத்துக் கொடுத்த காலம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷினுக்கு எந்த நோய் வந்தாலும், தூக்கி வருகிறவர் சொல்வது ஒன்றுதான்: "ஸ்லோவா இருக்கு." நெய்வேலியில் நான் கடை வைத்திருந்த அந்த வருஷங்களில் உங்கள் வீட்டு மெஷினும் இப்படித்தான் முனகியிருக்கும். அதனால் என்னைத் திட்டாமல் படியுங்கள்.

கரித்தூள்

எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி கரித்தூள் மேல்தான். மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து நேரே வந்த ஒருத்தர், சிபியுவை மேஜையில் வைத்து, தூசியை ஊதிக் கொடு என்றார். ஊதினேன். ஒரு மாற்றமும் இல்லை. பார்த்தால், சிஸ்டத்தோடவே வருகிற ஆன்டிவைரஸ் அந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. எந்த ஃபைலைத் தொட்டாலும் முதலில் தான் சோதித்துவிட்டுத்தான் விட்டது.

அதை அணைத்தேன். மெஷின் பறந்தது. எனக்கே புல்லரித்துவிட்டது போங்கள். அன்றிலிருந்து கடைக்கு வந்த மெஷினிலெல்லாம், யாரும் கேட்காமலே அதை அணைத்துக் கொடுத்தேன். முதல் மனிதர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இத்தினி நாளா எங்க தம்பி இருந்த?"

பம்ப் ஹவுஸ்

வேண்டாம் என்று சொன்னவர் ஒருத்தர்தான். மைன்ஸில் பம்ப் ஆபரேட்டராக இருந்த அந்தோணிசாமி. இந்த ஆன்டிவைரஸ் ஒரு வேலையும் செய்யாமல் பாதி மெஷினைத் தின்கிறது சார், எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்க பம்பு கூடத்தான் ராப்பகலா கரண்ட்டக் குடிச்சிக்கினு ஓடுது. ஒரு கூடை கரி வெட்டுனதில்ல. நிறுத்திப் பாரு, அடியில முட்டிக்கினு நிக்கிற தண்ணி மேல வந்துடும். அது பாட்டுக்கு ஓடட்டும், வுடு தம்பி."

மனு

அவர் மகள் செல்வராணி, அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து தினம் பஸ் ஏறிப் போய் கம்மாபுரத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தியது. அந்தக் கடை மெஷினில் நான் என் கைவரிசையைக் காட்டியிருந்தேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த இருபத்திரண்டு குடும்பங்கள் வேலை கேட்டுப் போடும் மனுவை அந்தப் பொண்ணு மூன்று மாதமாக டைப் அடித்து, பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

வியாழன் காலையில் போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, காசு கேட்டு ஒரு அறிவிப்பு நின்றது. யாரோ பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஏறிய வைரஸ்!

தினம் சாயங்காலம் மனுவை வீட்டு மெஷினிலும் ஏற்றிவைப்பேன் என்றது செல்வராணி. இந்த மெஷினில் செருகிய தன் பென்டிரைவில்தானே கொண்டுபோயிருக்கும், அதுவும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். மெஷினைப் போட்டேன், அது ஆடி அசைந்து வந்தது. மனு, பத்திரங்களோடு அப்படியே இருந்தது, ஒரு பக்கம் குறையாமல். ஆன்டிவைரஸின் பதிவைத் திறந்தேன். புதன் சாயங்காலம், பென்டிரைவ் செருகிய அதே நிமிஷம், ஒரே ஒரு வரி: பிடிபட்டது, நீக்கப்பட்டது. ஒருத்தருக்கும் தெரியாமல், ஒரு பாராட்டும் கேட்காமல்! இவ்வளவு பெரிய காரியம் செய்த ஒன்றையா ஒரு வேலையும் செய்யாதது என்றேன்? அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மனு போய்ச் சேர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது செல்வராணி சொன்னது: "நாலு பேரு வரிசையில நிக்கிறாங்க, சீக்கிரம் ஓடணும்னு நான்தானே கேட்டேன். பாதித் தப்பு என்னுதுண்ணே."

வீடு வீடாக

டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய், அணைத்ததையெல்லாம் திரும்பப் போட்டேன். ஒரு டீச்சரம்மா பத்து நிமிஷம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குப்பா வூடு தேடி வந்து கெடுத்துட்டுப் போற?"

அதற்கப்புறம் என் கடையிலிருந்து போன மெஷின்களெல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடின, நான்தான் படுத்த உடனே தூங்க ஆரம்பித்தேன்.